கேள்வி பதில்: பசிபிக் தீவுகள் எதை விற்கின்றன, எதை விற்க மறுக்கின்றன

துவாலு நாட்டைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேற வழி செய்யும் குலுக்கலுக்கு, 2025-இல் முதன்முறையாகப் பதிவு தொடங்கியபோது, ஏறத்தாழ 11,000 பேர் மட்டுமே வாழும் அந்த நாட்டில் குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள் என்பதே அந்தக் குறிப்பின் செய்தி. அதன் பிறகு வந்த கடிதங்களில் பசிபிக் தீவு நாடுகளைப் பற்றிய கேள்விகளே மிகுதி. ஆகவே ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டு, இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பத்தாயிரம், இருபதாயிரம் பேர் வாழும் நாடுகளுக்குத் தனி அயலுறவுக் கொள்கை என்று ஒன்று தேவைதானா? சீனாவையோ அமெரிக்காவையோ சார்ந்துகொண்டு நிம்மதியாக இருந்துவிடலாமே? (கல்லூரி மாணவி, மதுரை)

முதலில் நம் மனத்திலுள்ள வரைபடத்தைத் திருத்திக்கொள்வோம். நம் பள்ளி வரைபடங்களில் உலகம் பசிபிக் பெருங்கடலின் நடுவே வெட்டப்பட்டிருக்கும். கடலின் ஒரு பாதி தாளின் இடது ஓரத்திலும் மறுபாதி வலது ஓரத்திலும் ஒட்டிக்கிடக்க, தீவுகள் மை சிந்திய புள்ளிகளைப் போலத் தெரியும். கிரிபட்டி என்ற நாட்டின் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர், அதாவது சென்னை மாநகராட்சியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் அதன் 33 தீவுகளைச் சுற்றி அந்த நாட்டுக்கு உரிமையுள்ள கடற்பரப்பு ஏறக்குறைய 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மொத்த நிலப்பரப்பை விட அது பெரியது. இவற்றைச் சிறிய தீவு நாடுகள் என்று நாம் சொல்கிறோம்; அங்குள்ள தலைவர்களோ பெருங்கடல் நாடுகள் என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் கடலுக்காகத்தான் வல்லரசுகள் அவர்களைத் தேடி வருகின்றன.

ஒருவரைச் சார்ந்து நிம்மதியாக இருந்துவிடலாமே என்கிறீர்கள். அப்படி இருந்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. மார்ஷல் தீவுகள் அமெரிக்காவின் நிர்வாகத்தில் இருந்த காலத்தில்தான், 1946 முதல் 1958 வரை, பிகினி, எனிவெடோக் பவளத்தீவுகளில் 67 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தப்பட்டன. பிகினியின் மக்கள் இன்றுவரை ஊர் திரும்பிக் குடியேற முடியவில்லை. பாதுகாப்புத் தருவதாகச் சொல்லும் பெரிய நாடு எதற்காகத் தருகிறது என்று அந்தத் தீவுகளில் கேட்கப்படுவதற்கு இப்படி ஒரு நினைவு காரணமாக இருக்கிறது.

2018-இல் நவுருவின் போயே மாவட்டத்தில் கூடிய, வட்டார நாடுகளின் கூட்டமைப்பான பசிபிக் தீவுகள் மன்றம், பசிபிக் மக்களின் வாழ்வாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் நலவாழ்வுக்கும் உள்ள தனிப்பெரும் அச்சுறுத்தல் பருவநிலை மாற்றமே என்று அறிவித்தது. இன்று அவர்கள் நடத்தும் எல்லாப் பேச்சுவார்த்தைகளுக்கும் அடிப்படை அந்த வாக்கியமே. நீர்மூழ்கிக் கப்பல்களையும் துறைமுகங்களையும் பற்றிப் பேச வருபவர்களிடம் அவர்கள் கடல்மட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இதன் பொருள் அவர்கள் போட்டியைப் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பதல்ல. 2019 செப்டம்பரில் சாலமன் தீவுகளும் கிரிபட்டியும் ஒரே வாரத்தில் தைவானை விட்டுச் சீனாவின் பக்கம் மாறின. 2022 ஏப்ரலில் சாலமன் தீவுகளின் பிரதமர் மனாசே சொகவாரே சீனாவுடன் பாதுகாப்பு உடன்பாடு செய்துகொண்டார். 1993-இல் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹொனியாராவில் தன் தூதரகத்தை மூடிவிட்டுச் சென்ற அமெரிக்கா, 2023 பிப்ரவரியில் அதை மீண்டும் திறந்தது. முப்பது ஆண்டுகளாக வராத கவனம் ஒரே உடன்பாட்டால் வந்துவிட்டது.

ஆனால் நான் இதைவிட முக்கியமாகக் கருதுவது 2022 மே மாதம் நடந்ததை. சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ எட்டு நாடுகளில் சுற்றுப்பயணம் செய்து, பத்துத் தீவு நாடுகளும் ஒன்றாகக் கையெழுத்திட வேண்டும் என்று காவல்துறைப் பயிற்சி, இணையப் பாதுகாப்பு, கடல் அளவீடு, வணிகம் எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒரு பெரிய ஆவணத்தை முன்வைத்தார். மைக்ரோனேசியக் கூட்டாட்சி நாட்டின் அதிபர் டேவிட் பனுவேலோ மற்றத் தலைவர்களுக்கு நீண்ட கடிதம் எழுதி, இதை ஏற்றால் புதிய பனிப்போர் ஒன்று நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்ற பொருளில் எச்சரித்தார். சமோவாவின் பிரதமர் பியாமே நவோமி மதாஆஃபா, வட்டாரம் முழுவதையும் தொடும் ஒன்றை வட்டாரம் கூடிப் பேசாமல் எப்படி ஏற்பது என்று கேட்டார். பிஜியின் தலைநகர் சுவாவில் நடந்த கூட்டத்தில் ஆவணம் ஏற்கப்படவில்லை. அதே நாடுகளில் பல, தனித்தனியாகச் சீனாவுடன் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் ஒப்பந்தம் செய்துகொண்டன. தனித்தனியாகப் பேசக் கூடியது எது, கூடிப் பேச வேண்டியது எது என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். இத்தகைய நாடுகளுக்கு அயலுறவுக் கொள்கை எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு இதையே பதிலாகத் தருவேன்.

இந்த ஒற்றுமை இயல்பாகவே அமைந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. மன்றத்தின் பொதுச் செயலாளர் பதவி தங்கள் பகுதிக்குக் கிடைக்கவில்லை என்று 2021-இல் மைக்ரோனேசியா எனப்படும் வடபகுதியின் நாடுகள் ஐந்தும் விலகப் புறப்பட்டன. கிரிபட்டி 2022-இல் உண்மையாகவே விலகி, அடுத்த ஆண்டு திரும்பியது.

கேள்வி: சொந்தமாகப் பெரிய கப்பல் இல்லாத தீவுகள் சூரை மீனால் பணம் சம்பாதிப்பதாகக் கேள்விப்பட்டேன். மீன்பிடிக்காமலே மீனில் எப்படிப் பணம் வரும்? (விசைப்படகு உரிமையாளர், தூத்துக்குடி)

தொழில் தெரிந்தவர் கேட்ட கேள்வி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உலகில் பிடிபடும் சூரை மீனில் பாதிக்கும் மேற்பட்டது மேற்கு, மத்திய பசிபிக் கடலிலிருந்து வருகிறது. டப்பாவில் அடைக்கப்படும் ஸ்கிப்ஜாக் என்னும் சூரை இனம் அங்கே சுருக்குமடி வலையால் பிடிக்கப்படுகிறது. நம் கரையில் உச்ச நீதிமன்றம் வரை போன சுருக்குமடித் தகராறை நீங்கள் அறிவீர்கள். அங்கே அந்த வலை ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளத்தில், ஹெலிகாப்டர் வைத்திருக்கும் கப்பல்களிலிருந்து இறக்கப்படுகிறது. கப்பல்கள் ஜப்பான், தென்கொரியா, தைவான், சீனா, அமெரிக்கா போன்ற நாடுகளுடையவை. கடல் தீவுகளுடையது.

கடல் தீவுகளுடையது என்பதை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கே ஒரு போராட்டம் நடந்தது. சூரை நெடுந்தொலைவு வலசை போகும் மீன், ஆகவே எந்தக் கரையோர நாட்டுக்கும் அது சொந்தமில்லை என்பது அமெரிக்காவின் அன்றைய நிலைப்பாடு. 1984-இல் அனுமதியின்றி மீன்பிடித்த ஜீனெட் டயானா என்ற அமெரிக்கக் கப்பலைச் சாலமன் தீவுகள் பிடித்துவைத்தபோது, அமெரிக்கா அந்த நாட்டின் மீன் இறக்குமதிக்குத் தடை விதித்தது. புதிதாக விடுதலை பெற்ற ஒரு ஏழை நாட்டுக்கு அது பெரிய அடி. மறு ஆண்டே கிரிபட்டி சோவியத் ஒன்றியத்தோடு மீன்பிடி ஒப்பந்தம் செய்துகொண்டது. உலகம் இரண்டு முகாம்களாக நின்ற காலம் அது. அதுவரை காசு தர மறுத்த அமெரிக்கா, 1987 ஏப்ரலில் போர்ட் மோர்ஸ்பியில் தீவு நாடுகள் அனைத்தோடும் சேர்த்து ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, மீனுக்குக் கட்டணம் தர ஒப்புக்கொண்டது. வல்லரசுகளின் போட்டி தீவுகளுக்குப் பயன்பட்ட மிகத் தெளிவான நிகழ்ச்சி இது. ஆனால் கிரிபட்டியின் சோவியத் ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேல் நீடிக்கவில்லை. நிலைத்து நின்றது கூட்டு உடன்படிக்கைதான்.

அடுத்த படி இன்னும் பெரியது. 1982-இல் நவுரு உடன்பாட்டில் கையெழுத்திட்ட, இன்று எட்டு உறுப்பினர்களைக் கொண்ட கூட்டமைப்பு, 2007-இல் கப்பல்-நாள் முறை என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு மொத்தம் எத்தனை நாள் மீன்பிடிக்கலாம் என்பதை மீன்வளத்தைக் கணக்கிட்டு முதலில் முடிவு செய்கிறார்கள். அந்த நாள்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பிறகு ஒரு கப்பல் ஒரு நாள் மீன்பிடிக்கும் உரிமையை இத்தனை டாலருக்குக் குறைவாக யாரும் விற்பதில்லை என்று உறுதி செய்துகொள்கிறார்கள். அந்தக் குறைந்தபட்ச விலை இப்போது 8,000 டாலர். கப்பல்காரர் அன்று ஒரு மீனும் பிடிக்காவிட்டாலும் நாளுக்கான காசு காசுதான். கப்பலில் தீவு நாட்டுப் பார்வையாளர் ஒருவர் உடனிருந்து கணக்கெழுதுகிறார்.

முன்பெல்லாம் ஒரு நாடு கட்டணத்தை உயர்த்தினால், கப்பல்காரர்கள் பக்கத்து நாட்டின் கடலுக்குப் போய்விடுவார்கள். பிடித்த மீனின் மதிப்பில் மிகச் சிறிய பங்கே தீவுகளுக்குக் கிடைத்தது. 2010-இல் ஏறத்தாழ 6 கோடி டாலராக இருந்த வருமானம் பத்தாண்டுக்குள் 50 கோடி டாலரை எட்டியது. அங்குள்ள பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் பெரும்பாலும் இந்தப் பணத்தில் நடக்கின்றன. யாரும் தானமாகத் தந்ததல்ல என்பதே இந்தப் பணத்தின் சிறப்பு.

கவலையும் இங்கேதான் இருக்கிறது. கடல்நீர் சூடேறச் சூடேற, சூரைக் கூட்டங்கள் கிழக்கு நோக்கியும், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடல் நோக்கியும் நகரும் என்று அறிவியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். நாற்பதாண்டு ஒற்றுமையால் சேர்த்த சொத்து, அவர்கள் விடாத புகையால் எல்லை தாண்டிப் போய்விடக்கூடும்.

கேள்வி: என் பாட்டனாரின் அண்ணன் வட ஆற்காட்டிலிருந்து பிஜித் தீவுக்குக் கரும்புக் கூலியாகப் போனவர். இன்று அந்தச் சர்க்கரைத் தொழில் எப்படி இருக்கிறது? (வாசகர், வேலூர்)

சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜிக்கு ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டது 1903-இல் தொடங்கியது. வட ஆற்காடு மாவட்டம் அதில் பெரும்பங்கு கொண்டது. அவர்களின் சந்ததியார் 1926-இல் நாந்தியில் தொடங்கிய சங்கம் இன்றும் பள்ளிகளை நடத்துகிறது.

சர்க்கரையோ நலிந்துவிட்டது. 1975-இல் கையெழுத்தான லோமே உடன்படிக்கையின்படி, ஐரோப்பா பிஜியின் சர்க்கரையை உலகச் சந்தை விலையைவிட மிகவும் கூடுதலாகக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு தலைமுறை விவசாயி அந்த விலையை நம்பி வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்தார். பிற்பாடு பிரேசில் முதலிய நாடுகள் உலக வணிக அமைப்பில் தொடுத்த வழக்காலும் ஐரோப்பாவின் உள்நாட்டுச் சீர்திருத்தத்தாலும், 2006 தொடங்கி அந்த விலை படிப்படியாக வெட்டப்பட்டது. ராகிராகியில் இருந்த பெனாங் ஆலை, 2016-இல் வின்ஸ்டன் புயல் அடித்த பிறகு திறக்கப்படவே இல்லை. விலை குறைந்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸெல்ஸில் எடுத்த முடிவால். ஆலை போனது புயலால். ஒரே குடும்பம் இரண்டையும் தாங்க வேண்டியிருந்தது.

மேலே சொன்ன சூரையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சர்க்கரையின் விலை பிறர் தந்த சலுகை, ஆகவே பிறர் எடுத்துக்கொண்டார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா பிஜியின் பொருள்களுக்கு 32 சதவீத வரி என்று அறிவித்து, ஆகஸ்டில் அதை 15 சதவீதமாக்கியபோதும் பிஜியால் செய்ய முடிந்தது மனுக் கொடுப்பது மட்டுமே.

கேள்வி: ஆஸ்திரேலியா துவாலு மக்களுக்கு இடம் கொடுப்பது மனிதநேயமா, அல்லது அந்த நாட்டை விலைக்கு வாங்குவதா? (தலைமையாசிரியை, திருநெல்வேலி)

இரண்டுமே அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. எனவே ஒன்றை மட்டும் சொல்லிப் பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

துவாலுவில் புலாக்கா என்ற கிழங்கு உண்டு. நம் சேம்பின் இனம், ஆனால் இலை ஆள் உயரத்துக்கு மேல் வளரும். பவளமணலில் எந்தப் பயிரும் எளிதில் வராது என்பதால், முன்னோர்கள் மணலைத் தோண்டிப் பெரிய குழிகளை உண்டாக்கினார்கள். கீழே உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நன்னீர் வரை அந்தக் குழி இறங்கும். நம் கடலோர ஊர்களில் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அந்தக் குழியில் தலைமுறை தலைமுறையாக இலைதழைகளை மக்கவைத்துக் கிழங்கை வளர்ப்பார்கள். குழிகள் குடும்பச் சொத்து. பேரோதக் காலங்களில் இப்போது தலைநகர் ஃபுனாபுட்டியில் கடல்நீர் கரையைத் தாண்டி வருவதோடு நிற்பதில்லை. பவளப் பாறை சல்லடைபோல் துளையுள்ளது என்பதால், தீவின் நடுவிலேயே தரைக்கடியிலிருந்து கொப்பளித்து மேலே வருகிறது. ஒருமுறை உப்பேறிய குழியில் கிழங்கு அழுகிவிடும். கரையில் சுவர் கட்டிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் இந்தக் குழியைப் பற்றி அறிந்திருக்க வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் 2023 நவம்பரில் ஃபலேபிலி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அக்கம்பக்கத்து வீட்டாரைத் தன் வீட்டாராகப் பார்த்துக்கொள்வதைக் குறிக்கும் துவாலுச் சொல் ஃபலேபிலி. குடியேற்ற உரிமையோடு, கடல் உயர்ந்தாலும் துவாலுவின் அரசுரிமை தொடரும் என்பதை ஆஸ்திரேலியா அதில் ஏற்றிருக்கிறது. பேரிடர், பெருந்தொற்று, படையெடுப்பு வந்தால் உதவுவதாகவும் உறுதி தந்திருக்கிறது.

நான்காவது பிரிவில்தான் விலை எழுதப்பட்டிருக்கிறது. பாதுகாப்பு, காவல்துறை, இணையப் பாதுகாப்பு, துறைமுகம், தொலைத்தொடர்பு, மின்சாரம் ஆகியவை தொடர்பாக வேறு எந்த நாட்டோடும் துவாலு கூட்டுச் சேர வேண்டுமானால், ஆஸ்திரேலியாவோடு கலந்து இசைவு பெற்றாக வேண்டும். இறையாண்மையை விற்றுவிட்டார்கள் என்று முன்னாள் பிரதமர் எனெலே சோபோஆகா இதை எதிர்த்தார். 2024 பிப்ரவரியில் பொறுப்பேற்ற பிரதமர் பெலேட்டி தியோவின் அரசு ஒப்பந்தத்தைத் தொடர முடிவு செய்தது.

கதவு திறந்திருப்பது நல்லதே. 11,000 பேரில் ஒரு தாய் தன் மகளுக்கு வேறு வழி இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்க முடிந்தால் அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கு ஒரு காரணமாக இருக்கும் நிலக்கரியையும் எரிவாயுவையும் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்த் வெஸ்ட் ஷெல்ஃப் எரிவாயுத் திட்டத்தை 2070 வரை நீட்டிக்க 2025-இல் ஒப்புதல் தரப்பட்டது. அக்கம்பக்கத்தார் உறவைப் பேசும் ஒப்பந்தத்தில் அந்த எரிவாயுவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. துவாலு ஒற்றையாக உட்கார்ந்து பேசிய ஒப்பந்தம் அது. மற்றத் தீவு நாடுகளோடு சேர்ந்து பேசியிருந்தால் அந்த வரிக்கு இடம் கிடைத்திருக்குமோ என்ற எண்ணம் எனக்கு இன்னும் நீங்கவில்லை.

கேள்வி: சீனா கடன் கொடுத்தே தீவுகளைப் பிடித்துவிடும் என்கிறார்களே? (வாசகர், ஈரோடு)

டோங்காவைப் பாருங்கள். 2006 கலவரத்தில் தலைநகர் நுகுவாலோஃபாவின் மையப் பகுதி எரிந்தது. அதை மீண்டும் கட்டச் சீன வங்கியிடம் வாங்கிய கடன் 10 கோடி டாலருக்கு மேல். பாதிக்கும் மேற்பட்ட அயல்கடன் அந்த ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டது. 2018-இல் பிரதமர் அகிலிசி போஹிவா, தீவுகள் எல்லாம் சேர்ந்து கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்போம் என்று அழைத்தார். சில நாள்களில் அந்த அழைப்பைத் திரும்பப் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் டோங்கா சீனாவின் பட்டுப்பாதைத் திட்டத்தில் சேர்ந்தது, தவணைக்கும் அவகாசம் கிடைத்தது. தீவு பறிபோகவில்லை. ஆனால் வெளிநாட்டில் பழம் பறித்தும் கட்டட வேலை செய்தும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் வாழும் நாடு அது. ஒவ்வொரு புயலுக்கும் எரிமலைக்கும் பிறகு தவணை தேதியை எண்ண வேண்டியிருக்கிறது.

கேள்வி: நான் பணியாற்றிய சரக்குக் கப்பலின் பின்புறத்தில் 'மஜூரோ' என்று எழுதியிருக்கும். அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. கப்பல்களுக்குக் கரிம வரி கேட்டது அந்த நாடுதானா? (ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர், சென்னை)

அதே நாடுதான். மஜூரோ மார்ஷல் தீவுகளின் தலைநகர். உலகின் மிகப் பெரிய கப்பல் பதிவேடுகளில் ஒன்று அந்த நாட்டின் பெயரில் இருக்கிறது, அதன் அன்றாட நிர்வாகம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்தாலும். கொடியைக் கொடுத்தவர்களுக்கு லண்டனிலுள்ள சர்வதேசக் கடல்சார் அமைப்பில் உரிய இடம் உண்டு. மார்ஷல் தீவுகளின் வெளியுறவு அமைச்சராக இருந்த டோனி டி புரும் அந்த இடத்தைத்தான் கப்பல் புகையைக் குறைக்கச் சொல்லும் மேடையாக்கினார்.

2021-இல் மார்ஷல் தீவுகளும் சாலமன் தீவுகளும், கப்பல்கள் வெளியிடும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் 100 டாலர் வசூலிக்க வேண்டும் என்று முன்மொழிந்தன. ஆண்டுகள் பல பேசி, 2025 ஏப்ரலில் மிகவும் நீர்த்துப்போன ஒரு திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, இது போதாது என்று பசிபிக் நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அந்த நீர்த்த திட்டமும் அக்டோபரில் நிறைவேறவில்லை. ஆதரிக்கும் நாடுகளுக்கு வரி, துறைமுகக் கட்டணம், விசாத் தடை என்று அமெரிக்கா மிரட்டியது. முடிவை ஓராண்டு ஒத்திவைக்கும் தீர்மானம் 57-க்கு 49 என்ற வாக்குகளில் வென்றது. வல்லரசு, வணிகம், பருவநிலை மூன்றும் ஒரே அறையில் மோதி, தீவுகள் தோற்ற நாள் அது. உணவுக்கும் எரிபொருளுக்கும் கப்பலையே நம்பியிருக்கும் நாடுகள், சரக்குக் கட்டணம் உயரும் என்று தெரிந்தே அந்த வரியைக் கேட்டன என்பதை உங்களைப் போன்றவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: நிலம் மூழ்கி, மக்களும் போய்விட்டால், அந்தக் கடலும் சூரையும் யாருக்குச் சொந்தம்? (ஆழ்கடல் மீனவர், தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்)

வந்த கடிதங்களிலேயே மிகக் கூர்மையான கேள்வி இது. கரையிலிருந்து 200 கடல் மைல் என்றுதான் 1982-ஆம் ஆண்டின் கடல் சட்டம் அளக்கிறது. கரையே இல்லாமற்போனால் எங்கிருந்து அளப்பது என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

தீவு நாடுகள் யோசித்தன. 2021 ஆகஸ்டில் மன்றத்தின் தலைவர்கள், ஒருமுறை வரையறுத்து ஐக்கிய நாடுகள் அவையிடம் பதிவு செய்த கடல் எல்லைகள், கடல்மட்டம் உயர்ந்தாலும் குறையாமல் தொடரும் என்று கூட்டாக அறிவித்தார்கள். வனுவாட்டு இன்னொரு வழியில் சென்றது. தென்பசிபிக் பல்கலைக்கழகத்தின் போர்ட் விலா வளாகத்தில் 2019-இல் சட்டம் படித்த 27 மாணவர்களுக்கு ஒரு எண்ணம் தோன்றியது: பருவநிலை குறித்து நாடுகளின் சட்டக் கடமை என்ன என்று பன்னாட்டு நீதிமன்றத்திடமே கேட்டால் என்ன? அரசு அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ஆதரவு திரட்டி, 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபையில் 132 நாடுகளின் கூட்டு முன்மொழிவோடு வாக்கெடுப்பே இல்லாமல் தீர்மானத்தை நிறைவேற்றியது.

2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரை வழங்கியது. புவிச் சூழலைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. படிம எரிபொருளை எடுக்க உரிமம் தருவதும் அதற்கு மானியம் தருவதும்கூட அந்தக் கடமையை மீறிய செயலாகலாம். மீறினால் இழப்பீடு கோர இடமுண்டு என்றது. உங்கள் கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது. கடல்மட்டம் உயர்வதால் நாடுகள், கடல் எல்லையை அளக்கத் தொடங்கும் தங்கள் அடிப்படைக் கோடுகளை மாற்றி வரைய வேண்டியதில்லை என்றும், நாடாவதற்கு வேண்டிய கூறுகளில் ஒன்று இல்லாமற்போனதால் மட்டும் ஒரு நாடு நாடாக இல்லாமற்போவதில்லை என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். கருத்துரைக்குக் கட்டாயப்படுத்தும் ஆற்றல் இல்லை. ஆனால் இனி எந்த மீன்பிடிக் கப்பலும் கரை போய்விட்டது, ஆகவே கட்டணம் தரமாட்டேன் என்று சொல்லி நீதிமன்றத்தில் வெல்வது கடினம்.

துவாலு அதற்கும் முன்பே, 2023-இல், தன் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. நிலப்பரப்பு இழந்தாலும் துவாலு என்ற நாடு என்றென்றும் தொடரும் என்றும், அதன் கடல் எல்லைகள் மாறாதவை என்றும் இப்போது அதில் எழுதப்பட்டிருக்கிறது.